பூனைக்குட்டிக்கு இன்சூரன்ஸ்: மாதம் 8 பவுண்டா, 19 பவுண்டா?

கேள்வி, ஹாரோவிலிருந்து (3 பிப்ரவரி 2025)

பிள்ளையளின்ர ஆக்கினையில ஒரு பூனைக்குட்டி எடுத்திருக்கிறம். ஒன்பது கிழமை. சாதாரணப் பூனைதான், பெடிகிரி ஒண்டும் இல்லை. இன்சூரன்ஸ் பாத்தா ஒரு இடத்தில மாதம் 8 பவுண்ட், இன்னொரு இடத்தில 19 பவுண்ட். ரெண்டிலயும் வெட் (மிருக வைத்தியர்) செலவு 4,000 பவுண்ட் வரைக்கும் எண்டுதான் போட்டிருக்கு. வீட்டுக்குள்ளயே வளக்கப்போற பூனைக்கு 8 பவுண்டே காணும் எண்டு நினைக்கிறன். சரிதானே?

3 பிப்ரவரி, இரவு

காணாது. அந்த இரண்டும் ஒரே சாமானே இல்லை. 8 பவுண்ட் பாலிசியின் ஐபிஐடி தாளை, அதாவது பாலிசியின் சுருக்க விவரத் தாளைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று பக்கம்தான், எல்லாக் கம்பெனியும் ஒரே அமைப்பில் கொடுத்தாக வேண்டும். அதில் 12 மாதம் என்று ஒரு வரம்பு இருந்தால் அது டைம் லிமிட்டெட் பாலிசி. ஒரு நோய் தொடங்கி 12 மாதம் வரை காசு வரும். பிறகு அந்த நோய் பாலிசியை விட்டே போய்விடும்.

பிரிட்டனில் விற்பது நாலு வகை. ஆக்சிடென்ட் ஒன்லி: அடிபட்டால் மட்டும், நோய்க்கு ஒன்றும் கிடையாது. டைம் லிமிட்டெட்: மேலே சொன்னது. மேக்ஸிமம் பெனிஃபிட்: கால வரம்பு இல்லை, ஆனால் ஒரு நோய்க்கு ஒரு தொகை, அது தீர்ந்தால் தீர்ந்தது. லைஃப்டைம்: ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும்போது தொகை மறுபடி முழுசாக நிரம்பும்.

கணக்குப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். பூனைக்கு 5 வயதில் சர்க்கரை நோய் வருகிறது. இன்சுலின், ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 13 வயது வரை இருந்தால் மொத்தம் 8,000. டைம் லிமிட்டெட் பாலிசி முதல் வருஷத்து 1,000-ஐத் தந்துவிட்டு நின்றுவிடும். 4,000 வரம்புள்ள மேக்ஸிமம் பெனிஃபிட் நாலு வருஷம் தாங்கும். 4,000 வரம்புள்ள லைஃப்டைம் எட்டு வருஷமும் கொடுக்கும், வருஷா வருஷம் எக்ஸெஸ் (உங்கள் கையிலிருந்து போகும் பங்கு) கழித்துக்கொண்டு. மூன்று விளம்பரத்திலும் ஒரே 4,000தான் இருக்கும்.

4 பிப்ரவரி

நேற்று எழுதியதில் முக்கியமான காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இந்த முடிவைக் குட்டியாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காசு தருவதில்லை. ஒன்பது வாரக் குட்டிக்கு வெட்டிடம் பதிவே கிடையாது, வெற்றுத் தாள். இன்று சேரும் பாலிசியில் பழைய நோய் என்று விலக்க ஒன்றும் இருக்காது. மூன்று வயதில் மூத்திரத் தாரை அடைத்து, அதன் பிறகு நல்ல பாலிசிக்கு மாறலாம் என்று போனால் சிறுநீர் சம்பந்தமான எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் சேர்ப்பார்கள். மலிவில் தொடங்கிப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை பூனை ஆரோக்கியமாக இருக்கும் வரைக்கும்தான் நடக்கும். அது எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்?

4 பிப்ரவரி, பிற்பகல்

"லைஃப்டைம் என்றால் விலையும் மாறாதா?" என்று டூட்டிங்கிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

மாறும், ஏறும். வயது ஏற ஏற ஏறும், க்ளெய்ம் செய்தாலும் ஏறலாம். வீடு, கார் இன்சூரன்ஸில் பழைய வாடிக்கையாளரிடம் புதியவரை விட அதிகம் வாங்கக்கூடாது என்று நிதிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் எஃப்சிஏ 2022 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. செல்லப்பிராணி இன்சூரன்ஸ் அந்த விதியில் சேரவில்லை. ஆகவே முதல் வருஷ விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே கம்பெனியில் அதே அஞ்சல் குறியீட்டுக்கு 8 வயதுப் பூனை என்று போட்டு ஒரு விலை எடுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் போகும் என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

5 பிப்ரவரி

குட்டி கொடுத்தவரோ முதல் ஊசி போடும் வெட்டோ நாலு, ஐந்து வார இலவச இன்சூரன்ஸ் தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது, சேர்ந்த அன்றே தொடங்கிவிடும். காசு கட்டிப் புதிதாகச் சேரும் பாலிசியில் நோய்க்கு 14 நாள், விபத்துக்கு இரண்டு முதல் ஐந்து நாள் வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த இலவச வாரங்களில் குட்டிக்கு ஏதாவது வந்து, பிறகு நீங்கள் வேறு கம்பெனிக்குப் போனால் அது அங்கே பழைய நோய். அதே கம்பெனியில் இடைவெளி விடாமல் தொடர்ந்தால் மட்டுமே அது கணக்கில் வரும். அதனால் இலவசம் முடிவதற்குள் அந்தக் கம்பெனியின் லைஃப்டைம் பாலிசியையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு கம்பெனிக்குத்தான் போவது என்று தீர்மானித்துவிட்டால் இலவசக் காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே அங்கே சேர்ந்துவிடுங்கள். காத்திருப்புக் காலம் இலவசக் காலத்துக்குள்ளேயே கழிந்துவிடும். ஒரே செலவுக்கு இரண்டு பேரிடமும் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

8 பிப்ரவரி

கேள்வி கேட்டவரின் 'வீட்டுக்குள்ளயே வளக்கப்போற பூனை' என்பதற்கு வருகிறேன். வெளியே போகாவிட்டால் கார் அடிக்கும் ஆபத்து போகும். குட்டிகளை வெட்டிடம் கொண்டுபோக வைக்கும் மற்ற பல காரணங்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றன.

நூல் முதலில். தையல் நூல், பூக்கட்டும் நூல், தலைமுடி ரப்பர், பார்சலில் வரும் ரிப்பன். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதை முன்னால் தள்ளப் பார்த்துத் தானே நூலில் ஏறிச் சுருங்கும், இழுத்த பாவாடை நாடாவில் துணி சுருங்குகிற மாதிரி. நூல் இறுகிக் குடலை அறுக்கவும் செய்யும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஸ்கேன், மயக்க மருந்து, குடல் அறுவை, இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரி என்று பில் ஆயிரக்கணக்கில் போகும். அதில் 20 சதவீதம் வாட் வரியும் உண்டு. விலை கேட்கும்போது வாட் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சாடியில் லில்லி இருந்தால் இன்றே வெளியே போடுங்கள். இலை, பூ, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மேலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் இரண்டு மூன்று நாள் ட்ரிப் ஏற்றிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். தாமதித்தால் கஷ்டம். செங்காந்தள் வேறு குடும்பம், வேறு நஞ்சு, ஆனால் அதுவும் கொல்லும். மல்லிகை பயமில்லை.

பாரசிட்டமால் ஒரு மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் தெள்ளு மருந்தும் அப்படித்தான், வலிப்பு வரும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பில் மீனை எடுத்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மீன் கொடுப்பதானால் தனியாக வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள்.

தவறிப்போய் நஞ்சு சாப்பிட்டால் வரும் செலவை நல்ல பாலிசிகள் ஏற்கின்றன. பாலிசியில் 'பாய்சனிங்' எந்தத் தலைப்பில் வருகிறது என்று தேடுங்கள். விபத்தாக எடுத்தால் காத்திருப்பு இரண்டு முதல் ஐந்து நாள், நோயாக எடுத்தால் 14 நாள்.

9 பிப்ரவரி

குட்டிகளைப் பற்றிப் பேசும்போது எஃப்ஐபி-யை விட முடியாது. பூனைக் கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளேயே உருமாறி வரும் நோய். மனிதர்களுக்கு வந்த கோவிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளுக்கு வரும், அதிலும் பல பூனைகளோடு வளர்ந்த குட்டிகளுக்கு. எதற்கும் இறங்காத காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, சில குட்டிகளுக்கு வயிறு மட்டும் நீர் கோத்து உப்பும். முன்பெல்லாம் வந்தால் பிழைப்பது அபூர்வம். 2021-லிருந்து பிரிட்டனில் வெட்டுகள் ரெம்டெசிவிர் ஊசியும் ஜிஎஸ்-441524 மருந்தும் முறையாக எழுதித் தரலாம். பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன.

வழக்கமான சிகிச்சை 84 நாள். மருந்தளவு எடைக்கு ஏற்ப. குட்டி சிகிச்சையின் நடுவிலேயே வளர்வதால் வாராவாரம் எடை பார்த்து மருந்தைக் கூட்டுவார்கள், செலவும் கூடவே ஏறும். பரிசோதனைகளோடு சேர்த்தால் ஆயிரக்கணக்கான பவுண்ட். 2,000 வரம்புள்ள பாலிசி பாதியில் தீர்ந்துபோகலாம். சேருவதற்கு முன் கம்பெனிக்கு மின்னஞ்சலில் ஒரே கேள்வி: எஃப்ஐபி-க்கு வெட் எழுதித் தரும், உரிமம் பெறாத தயாரிப்பான மருந்துக்குக் காசு தருவீர்களா? பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

12 பிப்ரவரி

எக்ஸெஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

எக்ஸெஸ் என்பது உங்கள் கையிலிருந்து போகும் பங்கு. பொதுவாக ஒரு நோய்க்கு, ஒரு பாலிசி வருஷத்துக்கு, ஒரு தடவை. ஒரே வருஷத்தில் காது, வயிறு, கால் என்று மூன்று வந்தால் மூன்று எக்ஸெஸ். சில பாலிசிகளில் வருஷத்துக்கு ஒன்றுதான். ஒவ்வொரு தடவை வெட்டிடம் போகும்போதும் எக்ஸெஸ் பிடிக்கிற பாலிசியும் விற்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

இதற்கு மேல் கோ-பேமென்ட். பூனை குறிப்பிட்ட ஒரு வயதுக்கு வந்ததும், பல பாலிசிகளில் 8, 9 அல்லது 10 வயதில், பில்லில் 10 அல்லது 20 சதவீதமும் உங்கள் தலையில் வரும். பில் 1,800, எக்ஸெஸ் 100, கோ-பேமென்ட் 20 சதவீதம் என்றால்: 1,800-ல் 100 போக 1,700. அதில் 20 சதவீதம் 340. கைக்கு வருவது 1,360. சில கம்பெனி முதலில் சதவீதத்தைப் பிடித்துவிட்டு எக்ஸெஸைக் கழிக்கும், அப்போது 1,340. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எந்த வயதில் தொடங்குகிறது என்பது பெரிய வித்தியாசம். பூனைக்கு சிறுநீரகக் கோளாறும் தைராய்டும் வருகிற வயது அதுதான்.

எக்ஸெஸை 250 ஆக்கினால் மாதக் கட்டணம் குறையும். சிறு செலவைத் தாங்கமுடிகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். இன்சூரன்ஸ் வேண்டியது 120 பவுண்ட் காதுப் புண்ணுக்கு இல்லை.

12 பிப்ரவரி, சிறு சேர்க்கை

3-ஆம் தேதிக் குறிப்பில் லைஃப்டைமை ஒரே வகையாக எழுதினேன். அதற்குள்ளும் இரண்டு உண்டு. வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு என்பது ஒன்று, ஒவ்வொரு நோய்க்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. முதல் வகையில் 7,000 என்பதும் இரண்டாவதில் நோய்க்கு 1,500 என்பதும் பார்க்க ஒன்று போலத் தெரியும். குடல் அறுவை ஒன்று வந்தால் 1,500 போன இடம் தெரியாது. பெரிய மொத்தத் தொகை உள்ளதை எடுங்கள். உள்வரம்புகளையும் பாருங்கள். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேனுக்குத் தனி உச்சவரம்பு வைத்த பாலிசிகள் இருக்கின்றன.

17 பிப்ரவரி

ஹாரோக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார்: "முதல் ஊசிக்குப் போனம். வெட் இதயத்தில மெல்லிய மர்மர் கேக்குது எண்டு எழுதிவிட்டார். ஊசி போட முதல் நாள்தான் பாலிசி எடுத்தது. இனி என்ன?"

பதற வேண்டாம். மர்மர் என்பது இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் சலசலப்பு. குட்டிகளுக்குக் கேட்கும் மெல்லிய மர்மர் பல வளர வளரத் தானாகப் போய்விடும். ஆனால் காத்திருப்புக் காலத்துக்குள் பதிவானதால் இதயம் சம்பந்தமான க்ளெய்மைக் கம்பெனி மறுக்கலாம். செய்ய வேண்டியது: இரண்டாவது ஊசிக்குப் போகும்போது மறுபடி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் 'மர்மர் இல்லை' என்று அந்த நாளின் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். வெட் வாயால் சொன்னது பதிவில் ஏறாவிட்டால் பயனில்லை. இன்னும் கேட்டால் எக்கோ ஸ்கேன் எடுப்பதா என்று வெட்டிடம் பேசுங்கள், அந்தச் செலவு உங்களுடையது. பிறகு அறிக்கையைக் கம்பெனிக்கு அனுப்பி விலக்கை மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம். 12 அல்லது 24 மாதம் அறிகுறி இல்லாமல் இருந்தால் விலக்கை எடுத்துவிடும் கம்பெனிகள் உண்டு.

க்ளெய்ம் செய்யும்போது கம்பெனி கேட்பது பில்லை மட்டும் அல்ல. பூனை பிறந்ததிலிருந்து பார்த்த எல்லா வெட்டின் முழுப் பதிவையும் கேட்கும். அந்தப் பதிவு இப்படித்தான் இருக்கும்: 'இடது கண்ணில் நீர். தும்மல் என்கிறார் உரிமையாளர். மலம் இளகல், 2 நாள்.' நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன தும்மல் இரண்டு வருஷம் கழித்து 'பழைய பூனை ஃப்ளூ' என்று திரும்பி வரும். ஒன்றையும் மறைக்காதீர்கள். முழுசாகச் சொல்லுங்கள். 'சாப்பாடு மாற்றி மூன்று நாள், அதிலிருந்து மலம் இளகல்' என்றால் அது உணவு மாற்றத்தால் வந்தது என்று பதிவாகும். வெறும் 'மலம் இளகல்' என்றால் குடல் நோய்க்கு முன்னோடி என்று படிக்க இடம் கொடுக்கும். பதிவின் நகலைக் கேட்டு வாங்கி நீங்களே படித்துவிடுங்கள்.

காப்பகத்திலிருந்து எடுத்த குட்டிக்கு அங்கேயே பதிவு இருக்கும். பூனை ஃப்ளூ வந்த குட்டி என்றால் ஹெர்பிஸ் வைரஸ் உடம்பிலேயே தங்கி அவ்வப்போது கண்ணில் தலைகாட்டும். அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

19 பிப்ரவரி

தடுப்பூசி, சிப்.

முதல் ஊசி 9 வாரம் வாக்கில், இரண்டாவது மூன்று நாலு வாரம் கழித்து, ஒரு வருஷத்தில் பூஸ்டர், பிறகு வெட் சொல்கிறபடி. தவறவிட்டால் தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்குக் காசு வராது. ஊசிச் செலவையோ, கருத்தடையையோ, தெள்ளு, பூச்சி மருந்தையோ இன்சூரன்ஸ் தராது, அவற்றுக்கு மாதம் கட்டும் ஹெல்த் பிளான் வேறு. கருத்தடைக்கு ஆறு மாதம் ஆகட்டும் என்று இருக்காதீர்கள். பெண் பூனை நாலு மாதத்திலேயே சினைப்படலாம். நாலு மாதத்தில் செய்துவிடுவதுதான் நல்லது.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10-லிருந்து பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம், 20 வார வயதுக்குள். இல்லாமல் பிடிபட்டால் சிப் போட 21 நாள் தருவார்கள், போடாவிட்டால் 500 பவுண்ட் வரை அபராதம். சிப் ஏற்கெனவே இருந்தால் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல குட்டிகளின் சிப் விற்றவர் பெயரிலேயே கிடக்கிறது.

24 பிப்ரவரி

பல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய விஷயம். பூனைக்குப் பல் கரைந்துபோகும் நோய் சகஜம், எக்ஸ்ரே எடுத்துப் பிடுங்குவதற்கு நூற்றுக்கணக்கில் ஆகும். 'டென்டல்' என்று போட்டிருந்தால் அது விபத்துக்கு மட்டுமா, நோய்க்குமா? நோய்க்கும் என்றால் வருஷா வருஷம் வெட் பல் பார்த்திருக்க வேண்டும், அவர் சொன்ன சிகிச்சையைக் குறித்த மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பூஸ்டர் ஊசிக்குப் போகும் நாளில் பல்லையும் பார்த்து எழுதச் சொன்னால் அது முடிந்தது.

2 மார்ச்

ஈஸ்ட் ஹாமிலிருந்து: "எங்களுடையது பெங்கால் கலப்பு என்று விற்றார்கள், தாள் இல்லை. சாதாரணப் பூனை என்று போட்டால் மலிவு."

உண்மையாகத் தெரிந்ததைப் போடுங்கள்: பெங்கால் கலப்பு. கவனக்குறைவாகத் தவறான தகவல் கொடுத்தால் க்ளெய்மை விகிதப்படி குறைக்க 2012-ஆம் வருஷத்து நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டம் கம்பெனிக்கு இடம் தருகிறது. நியாயமாகக் கட்டியிருக்க வேண்டியது 20, நீங்கள் கட்டியது 12 என்றால் 60 சதவீதம்தான் வரும். 3,000 பில்லுக்கு 1,800. தெரிந்தே மாற்றிச் சொன்னதாக முடிவானால் ஒன்றுமே வராது. வீடு மாறினால் அஞ்சல் குறியீட்டையும் உடனே மாற்றுங்கள். மகள் யூனிவர்சிட்டிக்குப் பூனையோடு போனாலும் அப்படியே.

இன்னும் குட்டி வாங்காதவர்களுக்கு: ஸ்காட்டிஷ் ஃபோல்ட் வாங்காதீர்கள். காதை மடக்குகிற அதே மரபணுதான் மூட்டுகளையும் கெடுக்கிறது, வாழ்நாள் முழுக்க வலி. மெயின் கூன், ராக்டோல் என்றால் தாய் தகப்பனுக்கு இதயத் தசை நோய்க்கான மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் குட்டியானாலும் தாயோடு பார்த்து, 8 வாரம் ஆனபின் வாங்குங்கள்.

9 மார்ச்

"மாதம் 19 பவுண்டை வங்கியில் போட்டால் என்ன?"

வருஷத்துக்கு 228 சேரும். முதல் வருஷத்திலேயே குடல் அறுவை வந்தால் அந்த 228-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையில் 5,000 பவுண்ட் தொடாமல் வைக்க முடிகிறவருக்கு இது சரியான வழிதான். இல்லாதவருக்கு இன்சூரன்ஸ். இரண்டுக்கும் வழியில்லை, அரசு உதவித்தொகையில் இருக்கிறீர்கள் என்றால் பிடிஎஸ்ஏ, ப்ளூ கிராஸ் போன்ற அறக்கட்டளைகள் குறைந்த செலவிலோ இலவசமாகவோ பார்க்கின்றன. உங்கள் அஞ்சல் குறியீடு அதில் வருகிறதா என்று அவசரம் வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது பூனையை கேட்டரியில் (காசு வாங்கிப் பூனையைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விடும் செலவைப் பாலிசி தராது. பாலிசியில் இருக்கும் கேட்டரிச் செலவு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும்.

16 மார்ச்

க்ளெய்ம் செய்கிற முறை, கேட்டவர்களுக்காக.

வெட்டிடம் போனதும் கம்பெனி நேரடியாக அவருக்குக் காசு கட்டுமா என்று இரு பக்கமும் கேளுங்கள். இரவு அவசர மருத்துவமனைகள் பல முன்பணம் கேட்கும், பாலிசி இருந்தாலும். திட்டமிட்ட அறுவை என்றால் முன்னனுமதி வாங்கிவிடுங்கள். பில் விவரமாக, மருந்து மருந்தாகப் பிரித்து இருக்க வேண்டும். க்ளெய்மை அனுப்பக் கெடு உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு, 90 நாளாகவும் இருக்கலாம்.

மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 'பழைய நோய்' என்று மறுத்திருந்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று வெட்டிடம் கடிதம் வாங்கி இணையுங்கள், பல மறுப்புகள் இதிலேயே மாறும். இல்லையென்றால் முறையான புகார். இறுதிப் பதில் தரக் கம்பெனிக்கு 8 வாரம். அதற்குப் பிறகு ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, இறுதிப் பதில் கிடைத்ததிலிருந்து 6 மாதத்துக்குள்.

16 மார்ச், இரவு

வங்கிக் கணக்கு மாற்றுகிறவர்கள் டைரக்ட் டெபிட்டைக் கவனியுங்கள். தவணை திரும்பி வந்து பாலிசி ரத்தானால், மறுநாளே புதிதாகச் சேர்ந்தாலும் அதுவரை வந்த நோய் எல்லாம் பழைய நோய்தான். புதுப்பிக்கும் கடிதம் நீங்கள் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்க் கிடக்காமல் தினமும் திறக்கும் முகவரியைக் கொடுங்கள். முடிந்தால் வருஷத்துக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள், மாதத் தவணைக்கு வட்டி சேர்க்கும் கம்பெனிகளும் இருக்கின்றன.